டென்னிஸ் எல்போ பெல்ட்: 350 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

முழங்கையின் வெளிப்பக்கத்தில் வரும் வலிக்கு ‘டென்னிஸ் எல்போ’ என்று பெயர். அதற்காக மருந்துக் கடையில் ‘டென்னிஸ் எல்போ பெல்ட்’ என்று கேட்டால் எடுத்து வைக்கப்படும் பொருள் மிக எளிமையானது. மூன்று விரல் அகலத்தில் ஒரு துணிப்பட்டை, அதன் உட்புறம் ஒரு சிறு மெத்தை, ஓர் ஓரத்தில் பிளாஸ்டிக் வளையம், வளையத்துக்குள் நுழைத்து இழுத்து மடக்கி ஒட்டுவதற்கு வெல்க்ரோ, அவ்வளவுதான். டைனார், விஸ்கோ, ஃபிளமிங்கோ எனப் பல நிறுவனங்களின் பெயரில் முழங்கைக்கான இத்தகைய பட்டைகள் கிடைக்கின்றன. நான் வாங்கியதன் விலை 350 ரூபாய். எந்த நிறுவனத்துடையது என்பதை எழுதாமல் விடுகிறேன். நான் சொல்லப்போகும் நிறைகுறைகளில் பெரும்பகுதி இந்த அமைப்புக்கே பொதுவானவை, ஒரு பெயரோடு மட்டும் ஒட்டியவை அல்ல. கரும்பலகையில் எழுதுவதும், விடைத்தாள் கட்டுகளைச் சுமப்பதும், வீட்டுக்கு வந்து ஈரத்துணி பிழிவதும் அன்றாட வேலையாக உள்ள ஓர் ஆசிரியையின் வலது கைக்கு இது எவ்வளவு பயன்பட்டது என்பதே இந்த மதிப்புரை.

இணையக் கடைகளில் இந்தப் பட்டைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள், ஒற்றை நட்சத்திரத்தோடு திட்டித் தீர்த்தவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பினரும் ‘வலி போயிற்றா, போகவில்லையா’ என்ற ஒரே கேள்வியைக் கொண்டே அதை அளக்கிறார்கள். அந்த அளவுகோல் இந்தப் பொருளுக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து. ஏன் பொருந்தாது என்பதை விளக்க, பட்டையை விட்டுச் சிறிது நேரம் முழங்கைக்குள் போக வேண்டியிருக்கிறது.

முழங்கையை ஒரே மூட்டு என்று நாம் நினைத்தாலும், ஒரே உறைக்குள் மூன்று மூட்டுகள் அங்கே இருக்கின்றன. மேற்கை எலும்பும், முன்கையில் சுண்டு விரல் பக்கமுள்ள அரந்தி எலும்பும் சேரும் மூட்டு, கையை மடக்கி நீட்டுவதற்கானது. மேற்கை எலும்பின் வெளிப்பக்கக் குமிழில், முன்கையில் கட்டை விரல் பக்கமுள்ள ஆரை எலும்பின் தலை பொருந்தி நிற்பது இரண்டாவது மூட்டு. ஆரையும் அரந்தியும் பக்கவாட்டில் ஒன்றையொன்று தொட்டுச் சுழல்வது மூன்றாவது. சாவியைத் திருப்புவதும், உள்ளங்கையை மேலும் கீழுமாகப் புரட்டுவதும் இது இருப்பதால்தான் முடிகிறது. மேற்கை எலும்பின் கீழ்முனையில் இருபுறமும் இரண்டு எலும்பு முடிச்சுகள் துருத்தி நிற்கும், விரலால் தடவினாலே தெரியும். உட்பக்க முடிச்சிலிருந்து மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கம் மடக்கும் தசைகளும், வெளிப்பக்க முடிச்சிலிருந்து மணிக்கட்டையும் விரல்களையும் புறங்கைப் பக்கம் தூக்கும் தசைகளும் புறப்படுகின்றன. நம் வலி இந்த வெளிப்பக்க முடிச்சைச் சார்ந்தது.

இங்கே பலருக்கும் ஒரு சந்தேகம் வரும். ஒரு பொருளை இறுகப் பிடிக்கும்போது விரல்களை மடக்கும் உட்பக்கத் தசைகள்தானே வேலை செய்கின்றன, வெளிப்பக்கம் ஏன் வலிக்க வேண்டும்? விரல்களை மடக்கும் தசைநாண்கள் (தசையை எலும்போடு இணைக்கும் நார்கள்) மணிக்கட்டைத் தாண்டித்தான் விரலுக்குப் போகின்றன என்பதால், அவை இழுக்கும்போது மணிக்கட்டும் சேர்ந்து மடங்கப் பார்க்கும். மடங்கிய மணிக்கட்டோடு எதையும் வலுவாகப் பிடிக்க முடியாது. அதைத் தடுத்து மணிக்கட்டை நிமிர்த்தி நிறுத்தும் பொறுப்பு வெளிப்பக்கத் தசைகளுடையது. எனவே, குடத்தைத் தூக்கினாலும், துணியைப் பிழிந்தாலும், ஜாடி மூடியைத் திருகினாலும், ஒவ்வொரு பிடியிலும் வெளிப்பக்க முடிச்சின் மேல் ஓர் இழுப்பு விழுகிறது. அங்கே ஒட்டியிருக்கும் தசைநாண்களுள் மணிக்கட்டைத் தூக்கும் தசைகளில் குட்டையான ஒன்றினுடையதுதான் பெரும்பாலும் முதலில் பழுதாகிறது. உள்ளங்கை கீழ்நோக்கி இருக்க ஒரு நாற்காலியைத் தூக்கிப் பார்த்தால் வலி சுரீரென்று பிடிக்கும். அதே நாற்காலியை உள்ளங்கை மேல்நோக்கி இருக்கத் தூக்கினால் வலி வெகுவாகக் குறையும்.

1880களில் லான் டென்னிஸ் ஆடியவர்களிடம் இந்த வலி கண்டு எழுதப்பட்டதால் டென்னிஸின் பெயர் இதனோடு ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் இந்தப் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவர் சச்சின் டெண்டுல்கர். 2004இல் தொடங்கிய வலிக்காக 2005 மே மாதம் அவர் லண்டனில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். நோயாளிகளில் மட்டை பிடிப்பவர்கள் சிறுபான்மையினரே. முப்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து வயதுக்குள், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் கைகளுக்கே இது அதிகம் வருகிறது. தச்சர், சமையல்காரர், பெயிண்டர், தையற்காரர், ஆசிரியர் எல்லாரும் இதில் அடக்கம்.

பட்டையின் மதிப்பை எடைபோட இன்னொரு செய்தியும் வேண்டும். இது அழற்சி என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1979இல் அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர்களான நிர்ஷலும் பெட்ரோனும் அறுவையின்போது எடுத்த திசுக்களைச் சோதித்து வெளியிட்ட ஆய்வு, வழக்கமான அழற்சிக்குரிய அணுக்களுக்குப் பதிலாக, ஒழுங்கு குலைந்த நார்களும் முதிராத இரத்த நாளங்களுமே அங்கே மண்டிக் கிடப்பதைக் காட்டியது. அதாவது, தசைநாண் தேய்ந்து, அரைகுறையாக ஆறி, மீண்டும் தேய்ந்து நிற்கிறது. அத்தகைய திசுவை ஒரு துணிப்பட்டை ஆற்றிவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயம் அல்ல. அதற்குத் தேவை காலமும், அளவறிந்து கூட்டப்படும் பளுவும். அது ஆறும் வரை பிழைப்பை நடத்துவதற்குத்தான் பட்டை.

அது வேலை செய்யும் விதம் வீணையில் விரல் வைப்பதைப் போன்றது. மெட்டின்மேல் தந்தியை அழுத்தினால் அழுத்திய இடத்துக்கு அப்பால் அதிர்வு போகாது. தசையின் பருத்த பகுதியை மெத்தை அழுத்தும்போது, அது முழுமையாக விரிந்து சுருங்குவது மட்டுப்படுவதாலும், இழுவிசையின் ஒரு பங்கு அழுத்தப்பட்ட இடத்திலேயே தாங்கப்படுவதாலும், முடிச்சை எட்டும் இழுப்பு குறைகிறது என்பதே இதன் பின்னுள்ள கருத்து. இதிலிருந்தே பட்டையைப் பற்றிய மிக முக்கியமான விதியும் கிடைக்கிறது: அதை வலிக்கும் எலும்பின்மேல் கட்டக் கூடாது. எலும்பு முடிச்சிலிருந்து இரண்டு விரல் அகலம் மணிக்கட்டை நோக்கி இறங்கி, மணிக்கட்டைத் தூக்கும்போது புடைக்கும் சதையின்மேல் மெத்தை அமர வேண்டும். “வலி எலும்புல இருக்கலாம் டீச்சர், பெல்ட் சதை மேலதான் உட்காரணும்” என்று என் பிசியோதெரபிஸ்ட் முதல் நாளே சொல்லிவிட்டார். என் பட்டையின் பெட்டிக்குள் இருந்த துண்டுச்சீட்டில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அட்டைப் படத்தில் ஒரு வெள்ளைக்காரர் கையை மடக்கியபடி சிரிக்கிறார், பட்டை ஏறக்குறைய மூட்டின் மீதே கிடக்கிறது. ஒற்றை நட்சத்திரக்காரர்களில் பாதிப்பேர் இந்தப் படத்தை நம்பியவர்களாக இருப்பார்கள் என்பது என் ஊகம்.

இறுக்கம் அடுத்தது. கை தளர்ந்திருக்கும்போது பட்டை வெறுமனே தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கையை முறுக்கிப் பிடிக்கும்போது மட்டும் அழுத்தம் தெரிய வேண்டும். பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். விரல் நுனி மரத்தாலோ, நிறம் மாறினாலோ, புறங்கை வீங்கினாலோ உடனே தளர்த்த வேண்டும். தூங்கும்போது அணிவதால் பயன் ஏதும் இல்லை, இரத்த ஓட்டத்துக்கு இடையூறுதான். முன்கையின் மேற்பகுதியில், ஆரை நரம்பின் ஆழ்ந்த கிளை ஒரு தசை வளைவுக்கு அடியில் புகுந்து செல்கிறது. அதுவே நசுங்கி வலி தருபவர்களுக்கு வலியிடம் எலும்பு முடிச்சில் இல்லாமல் மூன்று, நான்கு சென்டிமீட்டர் கீழே இருக்கும். பட்டையின் மெத்தை சரியாக அந்த இடத்தில் அமர்ந்து நிலைமையை மோசமாக்கும். பட்டை போட்டதும் வலி கூடுகிறது என்பவர்கள் இன்னும் இறுக்கிப் பார்க்காமல், கழற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுவதே சரி.

இப்போது பயன். சரியான இடத்தில் கட்டியதும் வித்தியாசம் அங்கேயே தெரிந்தது. சில வாரம் போட்டுப் பார்க்க வேண்டிய பொருள் அல்ல இது. நாற்காலி சோதனையைப் பட்டையோடும் பட்டையில்லாமலும் மாறி மாறிச் செய்து பார்த்தால் வாங்கியது பயனா வீணா என்பது கடை வாசலிலேயே தெரிந்துவிடும். நோட்டுக் கட்டுகளைத் தூக்குவது, குக்கரை அடுப்பிலிருந்து இறக்குவது, துணி பிழிவது ஆகிய மூன்றிலும் எனக்கு வலி கணிசமாகக் குறைந்தது. கரும்பலகையில் எழுதும்போது கிடைத்த ஆறுதல் குறைவு. கை தலைக்கு மேல் நீண்டு, மணிக்கட்டு நிமிர்ந்தபடியே நீண்ட நேரம் நிற்பதால் பட்டையைத் தாண்டியும் வலி மெல்ல ஏறியது. ஸ்கூட்டர் ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பிடிப்பதிலும் அப்படித்தான். கணினியில் மதிப்பெண் பதிவதில் எந்த வேறுபாடும் இல்லை. சுருங்கச் சொன்னால், சட்டென்று பிடித்துத் தூக்கும் வேலைகளில் உதவுகிறது, நீண்ட நேரம் தாங்கி நிற்கும் வேலைகளில் உதவுவதில்லை.

பொருளின் தரத்தைப் பற்றிச் சொல்ல நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. பிளாஸ்டிக் வளையம் திடமானது, தையல் பிரியவில்லை. ஒரே கையால் கட்டிக்கொள்ள முடிகிறது. வளையம் இல்லாமல் நேராகச் சுற்றி ஒட்டும் வகையில் இது எளிதல்ல. ஆனால் உட்புறத் துணி நம் ஊர் வெயிலுக்குத் தைக்கப்பட்டதே அல்ல. மே மாதத்தில் இரண்டு வகுப்புகள் முடிவதற்குள் வியர்வையில் ஊறிவிடுகிறது, ஊறியதும் மெத்தை இடம் நழுவுகிறது, நழுவினால் மேலே சொன்ன பயன் எல்லாம் போய்விடுகிறது. தோல் சிவந்து அரிப்பும் எடுத்தது. அடியில் மெல்லிய பருத்தித் துணியை ஒரு சுற்றுச் சுற்றி அதன்மேல் கட்டியபோது அரிப்பு நின்றது, நழுவலும் குறைந்தது. வெல்க்ரோவின் முரட்டுப் பக்கம் சேலை முந்தானையைப் பிடித்து நூல் இழுக்கிறது. சுண்ணக்கட்டித் தூளும் பஞ்சும் சேர்ந்து சில வாரங்களில் ஒட்டும் திறனையும் இழக்கிறது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் ஓரளவு மீள்கிறது. ‘எல்லா அளவுக்கும் பொருந்தும்’ என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். மெலிந்த கையுள்ள என் தங்கைக்கு வளையமே மெத்தையின் மேல் வந்து நின்றது.

கடைக்காரர்கள் இதற்குப் பதிலாக எடுத்துக் காட்டுகிற இன்னொன்று, முழங்கை முழுவதையும் மூடும் மீள்துணி உறை. கதகதப்பாக இருக்கும், அதற்கு மேல் இந்த நோயில் அதனிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது, ஏனென்றால் ஓரிடத்தில் அழுத்தம் தரும் அமைப்பே அதில் இல்லை. வலி மிகக் கடுமையாக இருக்கும் தொடக்க வாரங்களில் மணிக்கட்டை நிமிர்த்தி நிறுத்தும் பட்டைதான் தசைக்கு உண்மையான ஓய்வு தரும் என்பதால் சில மருத்துவர்கள் அதையே பரிந்துரைக்கிறார்கள். அதை மாட்டிக்கொண்டு சப்பாத்தி உருட்ட முடியாது என்பது வேறு விஷயம்.

என்னுடைய அனுபவத்தை விட்டுவிட்டு, ஆய்வு என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். நெதர்லாந்தில் 180 நோயாளிகளைப் பட்டை மட்டும், பிசியோதெரபி மட்டும், இரண்டும் சேர்த்து என மூன்று குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. ஆறு வாரங்களில், வலியைக் குறைப்பதில் பிசியோதெரபி முந்தியது; அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் பட்டை முந்தியது. ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் மூன்று குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை. பட்டையை எதற்கு வாங்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

அதே நாட்டில் 185 பேரிடம் நடத்தி 2002இல் வெளியான இன்னோர் ஆய்வு, ஊசி போட்டுக்கொள்ள அவசரப்படுபவர்கள் அவசியம் அறிய வேண்டியது. ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் ஆறு வாரங்களில் 92 சதவீதத்தினர் நலம் கண்டனர். பிசியோதெரபியில் 47 சதவீதம், ஒன்றும் செய்யாமல் பொறுத்திருந்தவர்களில் 32 சதவீதம். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது வரிசை தலைகீழாகிவிட்டது: பிசியோதெரபி 91, பொறுத்திருந்தவர்கள் 83, ஊசி 69. ஊசி போட்ட மாதத்தில் வலி மறைந்துவிடுவதால் கையைப் பழையபடி பயன்படுத்துகிறோம், பழுது அப்படியே இருக்கிறது என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. நம் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் செறிந்த நீரைச் செலுத்தும் பிஆர்பி ஊசிக்குப் பல ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2021ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, டென்னிஸ் எல்போவில் அதனால் பயன் இல்லாதிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று முடிவு செய்தது.

பொறுத்திருந்தவர்களின் அந்த 83 சதவீதம்தான் நட்சத்திர மதிப்பீடுகளை நான் நம்பாததற்குக் காரணம். ஓராண்டில் பெரும்பாலோருக்குத் தானாகவே குறைந்துவிடும் வலிக்கு இடையில் எந்தப் பொருளை வாங்கினாலும், அது தைலமாக இருந்தாலும் தாயத்தாக இருந்தாலும், பெயர் அதற்குத்தான் போய்ச் சேரும்.

பட்டைக்குப் பக்கத்தில் வாங்க வேண்டிய இன்னொரு பொருள் இருக்கிறது. அது ரப்பர் முறுக்குத் தண்டு. தெராபேண்ட் நிறுவனத்தின் ஃபிளெக்ஸ்பார் இதில் பெயர் பெற்றது. சுமார் 30 சென்டிமீட்டர் நீளம், சிவப்பைவிடப் பச்சையும் பச்சையைவிட நீலமும் கடினம். வலிக்கும் கையால் தண்டைச் செங்குத்தாகப் பிடித்து மணிக்கட்டைப் புறங்கைப் பக்கம் தூக்கி வைத்துக்கொண்டு, நல்ல கையால் மேல்முனையைப் பற்றி முறுக்கி, இரு கைகளையும் முன்னே நீட்டி, நல்ல கையை அசைக்காமல், வலிக்கும் கையின் மணிக்கட்டை மட்டும் மெதுவாக மடங்க விட வேண்டும். தசை நீண்டுகொண்டே பளுவைத் தாங்கும் இந்தப் பயிற்சியை 15 முறை வீதம் நாள்தோறும் மூன்று சுற்றுச் செய்த குழு, வழக்கமான பிசியோதெரபி மட்டும் பெற்ற குழுவைவிட நன்றாகத் தேறியதாக நியூயார்க்கில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. அதில் பங்கேற்றவர்கள் 21 பேர்தான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தண்டு வாங்க முடியாதவர்கள் முன்கையை மேசை மேல் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்க, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நல்ல கையின் உதவியோடு தூக்கி, வலிக்கும் கையால் மெல்ல இறக்கலாம். தசைக்கு இரண்டும் ஒன்றுதான். முதலில் சிறு வலி இருக்கும், அது தாங்கும்படியும் அன்றே தணியும்படியும் இருந்தால் தொடரலாம்.

வேறு முழங்கைத் தொல்லைகளுக்கு இந்தப் பட்டையை வாங்கிச் செல்பவர்களையும் கடையில் பார்க்கிறேன். உட்பக்க முடிச்சின் வலியான கோல்ஃபர் எல்போவுக்கு மெத்தையை உட்புறம் திருப்பிக் கட்டலாம், ஆனால் அந்த முடிச்சுக்குப் பின்னால்தான் அரந்தி நரம்பு ஓடுகிறது. மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனால் பட்டை உதவாது, நரம்பைத்தான் பார்க்க வேண்டும். முழங்கை நுனியில் பை போல நீர் கட்டியிருப்பவர்களுக்கு இதனால் பயன் இல்லை. சிவந்து சுட்டால் அது தொற்றாக இருக்கலாம். நாலு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கையைப் பிடித்துத் தூக்கியபின் அது கையை அசைக்காமல் அழுதால், ஆரை எலும்பின் தலை அதைச் சுற்றியுள்ள நார் வளையத்திலிருந்து விலகியிருக்கக்கூடும். மருத்துவர் ஒரு நொடியில் சரிசெய்வார்.

கீழே விழுந்து முழங்கை வீங்கியவர்களுக்கு இது அறவே கூடாது. பெரியவர்களுக்கு ஆரை எலும்பின் தலையும், சிறுவர்களுக்கு மேற்கை எலும்பின் கீழ்முனையும் முறிவது வழக்கம். சிறுவர்களின் அந்த முறிவுக்கு மிக அருகில் கையின் முதன்மைத் தமனி போகிறது. எக்ஸ்ரே எடுக்காமல் எண்ணெய் போட்டு உருவி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால், இரத்த ஓட்டம் தடைப்பட்டு முன்கைத் தசைகள் மடிந்து விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகலாம். உருவுவதால் தசைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு இறுகிப்போகும் ஆபத்தும் உண்டு.

வெளிப்பக்க முடிச்சில் வலி, பிடித்துத் தூக்கினால் கூடுகிறது, வேலையை நிறுத்த வழியில்லை என்பவர்கள் இந்தப் பட்டையைத் தயங்காமல் வாங்கலாம். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், வெயில் காலத்தில் மூன்று. வாங்கப் போகும் முன் முடிச்சிலிருந்து இரண்டு விரல் கீழே முன்கையின் சுற்றளவை டேப்பால் அளந்து குறித்துக்கொண்டு போக வேண்டும். பெட்டியைப் பிரித்துக் கட்டிப் பார்க்க அனுமதிக்கும் கடையில் வாங்குவது நல்லது. மெத்தை உரித்து எடுக்கும்படியாக இருந்தால் துவைக்க வசதி. விலை அதிகமுள்ள சிலிகான் மெத்தை வியர்வையில் துணியைவிடக் குறைவாக நழுவுகிறது. நூறு ரூபாய் கூடுதல் என்றால் அதையே எடுக்கலாம்.